இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கும் ஏஜென்ட்டிடம் பட்ஜெட்டைச் சொல்லலாமா?

மொட்டைமாடி:
முதல் தடவையாக வீடு வாங்கப் போகிறேன். ஒரு ஏஜென்ட் மூன்று வாரமாகச் சலிக்காமல் வீடு காட்டுகிறார், நல்ல மனிதர்தான். நேற்று பார்த்த வீடு பிடித்துவிட்டது என்றதும், "அதிகபட்சம் எவ்வளவு வரை போவீர்கள், சொன்னால் பேசி முடித்துவிடலாம்" என்கிறார். விசாரித்தால் விற்பவருக்கும் இவர்தான் ஏஜென்ட்டாம். சொல்லலாமா? சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாரோ என்றும் இருக்கிறது.

சாவிக்கொத்து:
சொல்லாதீர்கள். வங்கி எவ்வளவு கடன் தருகிறது என்பதையும் சொல்லாதீர்கள், அதுவும் இதுவும் ஒன்றுதான். தேடும்போது சுமாராக ஒரு வரம்பு சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் எதைக் காட்டுவார்? ஆனால் விலை பேச உட்கார்ந்த பிறகு வாயைத் திறக்கக் கூடாது.

பழைய தரகன்:
பன்னிரண்டு வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் சொல்கிறேன். கமிஷனுக்காக விலையை ஏற்றிவிடுவார் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், கமிஷன் 2 சதவீதம் என்றால் விலை 100 ஏறினால் அவருக்குக் கிடைப்பது 2, அதற்காக யாரும் மல்லுக்கட்ட மாட்டார்கள். அவருக்கு வேண்டியதெல்லாம் பேச்சு சீக்கிரம் முடிய வேண்டும், ஏனென்றால் முடியாவிட்டால் இத்தனை நாள் அலைந்ததற்கு ஒரு பைசா வராது. உங்கள் உச்சத்தொகை தெரிந்துவிட்டால் முடிக்கச் சுலபமான இடம் அதுதான். நேராகவே கேளுங்கள்: இதில் யாருக்காகப் பேசுகிறீர்கள், யாரிடம் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று. இரண்டு பக்கமும் நிற்பவர் அதை எழுத்தில் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்று சில நாடுகளில் சட்டமே இருக்கிறது, அதனால் கேட்பது தப்பே இல்லை.

எதிர்வீடு:
அப்புறம், ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டீர்களா? நான் படிக்காமல் போட்டேன். ஆறு மாதத்துக்கு எந்த வீடு வாங்கினாலும் அவருக்குத்தான் கமிஷன் என்று அதில் இருந்தது, என் உறவினர் ஒருவரின் வீட்டை வாங்கியதற்கும் தண்டம் கட்டினேன். பத்திரம் பார்க்கிற வக்கீலையும் கட்டடத்தைச் சோதிக்கிற ஆளையும் நீங்களே பிடியுங்கள், ஏஜென்ட் கைகாட்டும் ஆள் வேண்டாம்.

மொட்டைமாடி:
நல்லவேளை, கையெழுத்து எதுவும் போடவில்லை. இன்று கேட்டேன், இரண்டு பக்கமும் வாங்குவதாகச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். சரி, இந்த வீடு எத்தனை நாளாக விற்காமல் கிடக்கிறது என்று கேட்டேன், உடனே "வாங்க, மாடியைப் பார்க்கலாம்" என்று கிளம்பிவிட்டார்.