ரோமானிய வீட்டுச் சாமி வெண்கலங்கள்: லாரா, கெனியஸா, எப்படிப் பிரித்துச் சொல்வது?

மாடக்குழி:
எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரான பொம்பெயியின் வீட்டுப் பூசை மாடம் (லராரியம்) பற்றி ஒரு கண்காட்சிக்கு விளக்கப் பலகை எழுத வேண்டும். மூன்று சந்தேகம். சுமார் 15 செ.மீ. உயர ஆண் உருவம் என்றால் அது லாரா, கெனியஸா, வேறு தெய்வமா என்று எதைப் பார்த்து முடிவு செய்வது? பல உருவங்களில் தூக்கிய கையில் ஒன்றுமே இல்லை, பீடமும் இல்லை, ஏன்? இவ்வளவு சிறியவை உள்ளே கெட்டியா, வெற்றுக் கூடா?

கொம்புக்கிண்ணம்:
முகத்தைப் பார்க்காதீர்கள். உடை, கால், கை என்ற வரிசையில் பாருங்கள்.

வீட்டைக் காக்கும் தெய்வமான லார் என்றால் இளைஞன். முழங்காலுக்கு மேலே நிற்கும் குட்டைச் சட்டை, இடுப்பில் இறுகக் கட்டிய கச்சை, கெண்டைக்கால் வரை ஏறும் மிதியடி, சுருள் முடியில் மாலை. ஆடும் லார் என்றால் நுனிக்காலில் நிற்பான், சட்டையின் ஓரம் இரு பக்கமும் விரிந்து பறக்கும். தூக்கிய கையில் கொம்பு வடிவக் கிண்ணம். அதன் கூர்முனை ஒரு விலங்கின் முன்னுடலாக முடியும். அந்த முனைத் துளையிலிருந்து மது வளைந்து மறு கையின் தட்டிலோ சிறு வாளியிலோ விழுவதைச் சுவரோவியங்களில் தெளிவாகக் காணலாம். ஒருவன் வலக்கையைத் தூக்கினால் இணை லார் இடக்கையைத் தூக்குவான். ஆகவே ஒற்றை லார் கிடைத்தால் ஜோடி தொலைந்திருக்கிறது என்று எண்ணத் தோன்றும். அவசரப்படாதீர்கள்: ஆடாமல் நிற்கும் லார் ஒன்றும் உண்டு, அவன் ஒரு கையில் தட்டும் மறு கையில் வளக்கொம்பும் (கனிகள் நிரம்பிய கொம்பு) ஏந்தியிருப்பான்.

கெனியஸ் வீட்டுத் தலைவனின் உயிர்ச்சக்தி. டோகா என்ற ரோமானிய மேலாடையை இழுத்துத் தலையில் முக்காடிட்டிருப்பார். வலக்கையில் படையல் தட்டு. இடக்கையில் வளக்கொம்பு அல்லது சாம்பிராணிப் பெட்டி. பொம்பெயியின் வெட்டியுஸ் வீட்டு ஓவியத்தில் நடுவில் கெனியஸ், இரு பக்கமும் லார்கள், கீழே பாம்பு. பலகைக்கு அந்தப் படம் ஒன்றே போதும்.

"பெனாத்தெஸ் சிலை" என்று தனியாக எதையும் தேட வேண்டாம். பெனாத்தெஸ் என்பது வீட்டுக் காவல் தெய்வங்களுக்குப் பொதுப் பெயர். அந்த வீட்டார் தேர்ந்துகொண்ட மெர்க்குரி, ஜூபிடர், ஃபார்ச்சூனா யாராயினும் பெனாத்தெஸ்தான்.

மெழுகுக்கரு:
வார்ப்புக் கேள்விக்கு வருகிறேன். இந்த அளவு உருவங்கள் பெரும்பாலும் கெட்டி வார்ப்பு. தேன்மெழுகில் உருவம் செய்து, மேலே முதலில் நைசான களிமண்ணும் பிறகு மணல் கலந்த முரட்டு மண்ணும் பூசி, சுட்டு மெழுகை வடித்து, அச்சு சூடாக இருக்கும்போதே உலோகத்தை ஊற்றுவார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் செய்யும் முறைக்கு இது அந்நியமில்லை. உருவம் பெரிதானால் கெட்டியாக வார்ப்பது ஆபத்து: தடித்த இடம் கடைசியில் ஆறும்போது சுருங்கிக் குழி விழும், வாயு சிக்கிப் புரைகள் வரும். அதனால் உள்ளே மண்கரு வைத்துக் கூடாக வார்ப்பார்கள்.

செம்பு, வெள்ளீயத்தோடு காரீயமும் நிறையச் சேர்ப்பார்கள். உருகிய உலோகம் விரல் நுனிவரை ஓடுவதற்கு அது உதவும், விலையும் குறையும். ஆனால் காரீயம் செம்பில் கரையாது, துளித்துளியாகவே நிற்கும். பாதரசம் வைத்துப் பொன்முலாம் பூசினால் கறை தட்டும். ஆறிய பிறகு உளியால் மடிப்புகளைக் கூராக்கி, கண்ணில் வெள்ளி பதிப்பார்கள். சில லார்களின் சட்டையில் இறங்கும் இரு பட்டைக் கோடுகளும் வெள்ளிப் பதிப்பு.

கை ஏன் காலி? கிண்ணம், மெர்க்குரியின் கோல் போன்றவை பெரும்பாலும் தனியாகச் செய்து சொருகியவை, அல்லது ஈயப் பற்றாசு வைத்து ஒட்டியவை. மண்ணுக்குள் பற்றாசு முதலில் அரிக்கும், பொருள் உதிரும். மூடிய முஷ்டியில் துளை தெரிந்தால் அங்கே ஏதோ இருந்தது என்று எழுதலாம். பீடமும் தனி வார்ப்புதான். பழைய சேகரிப்புகளில் ஒன்றின் பீடம் இன்னொன்றின் காலுக்குப் போயிருக்கும். பாதத்தின் அடித்தடமும் பீடத்துப் பற்றாசுத் தடமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

மாடக்குழி:
மிகவும் நன்றி. மாடத்தில் எவற்றைச் சேர்த்து வைப்பார்கள்?

அகல்:
பொம்பெயியின் 'பொன் மன்மதர் வீட்டில்' ஜூபிடர், ஜூனோ, மினெர்வா, மெர்க்குரி, இரண்டு லார்கள் சேர்ந்து கிடைத்தார்கள். அதே முற்றத்தின் இன்னொரு மூலையில் ஐசிஸ், அனுபிஸ் போன்ற எகிப்தியத் தெய்வங்களுக்குத் தனி மாடம், சுவரில் ஓவியமாக. பொம்பெயிக்கு அருகே அதே எரிமலையில் புதைந்த ஹெர்குலேனியத்தில் மேலே கோயில் முகப்பும் கீழே அலமாரியுமாக ஒரு மரமாடம் கரியாகித் தப்பியிருக்கிறது.

படையல் எளியது: சாம்பிராணி, மது, மாலை, தானியம், தேன் பணியாரம். மாதத்தின் கலெண்ட்ஸ் (முதல் நாள்), நோன்ஸ் (5 அல்லது 7), ஐட்ஸ் (13 அல்லது 15) நாள்களில் பண்ணை மேற்பார்வைக்காரி அடுப்பில் மாலை சார்த்தி வீட்டு லாரை வணங்க வேண்டும் என்று ரோமானிய அரசியல்வாதி கேட்டோவின் வேளாண் நூல் சொல்கிறது. கி.பி. 392 நவம்பரில் கிறிஸ்தவப் பேரரசர் தியோடோசியஸின் சட்டம் தடுத்ததும் இவற்றைத்தான்: லாருக்கு நெருப்பு, கெனியஸுக்கு மது, பெனாத்தெஸுக்கு நறுமணம். யாருக்கு எது என்று பலகையில் போட இதைவிடச் சுருக்கமான சான்று கிடைக்காது.

மெழுகுக்கரு:
ஒன்று விட்டுப்போனது. அசல் உருவத்தை இரவல் வாங்கி வைப்பதாக இருந்தால் பேழைக்குள் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வையுங்கள். குளோரைடு உள்ள வெண்கலத்தில் ஈரம் பட்டால் வெளிர்பச்சைப் பொடி பூக்கும். அதில் உண்டாகும் அமிலம் புதுச்செம்பைத் தின்றுகொண்டே போகும். பொடி தெரிந்த உடனே உருவத்தைத் தனியே உலர்வாக வைத்துப் பாதுகாப்பு வல்லுநரைக் கூப்பிடுங்கள். புளி, எலுமிச்சை எதையும் தொடவிடாதீர்கள். மேல் களிம்புப் படலத்தில்தான் உளிக்கோடுகள் பதிந்திருக்கின்றன, அது போனால் சட்டை மடிப்பும் போய்விடும்.