ஒன்ராறியோவில் கட்டட வேலைக்குப் போகுமுன் எடுக்க வேண்டிய பயிற்சி

தம்பி, வேலைக்குத் தேவையான சேர்ட்டிபிக்கேற் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே ஒரே நாளில் எடுத்துத் தருவதாக ஒருவர் சொன்னார் என்கிறீர்கள். அவருக்கு ஒரு சதமும் கட்டாதீர்கள்.

வேலைப் பாதுகாப்பு பற்றிய முதல் பயிற்சி இலவசம். ஒன்ராறியோ அரசின் இணையத்தளத்தில் நான்கு படிகளாக இருக்கிறது. இந்த அடிப்படைப் பயிற்சி 2014 ஜூலையிலிருந்து தொழிலாளர்களுக்குக் கட்டாயம். ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். முடிவில் வரும் சான்றிதழைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள், வேலை மாறினாலும் செல்லும். இரசாயனப் பொருட்களுக்கான விமிஸ் பயிற்சி வேலை தருபவரின் பொறுப்பு.

அடுத்தது 'வேர்க்கிங் அற் ஹைற்ஸ்', அதாவது உயரத்தில் நின்று வேலை செய்வதற்கான பயிற்சி. ஏமாற்று நடப்பது இதில்தான். இதன் செய்முறைப் பகுதியை நேரில் போய்த்தான் செய்ய வேண்டும், அதுவும் மாகாணம் அங்கீகரித்த பயிற்சியாளரிடம். அவர்களின் பட்டியல் அரசின் தளத்திலேயே இருக்கிறது. காசு கட்டுமுன் பெயரைத் தேடிப் பாருங்கள். இந்தப் பயிற்சி மூன்று வருடத்துக்குச் செல்லுபடியாகும்.

என் முதல் வேலை கூரையில். விழாமல் காக்க உடம்பில் மாட்டும் பட்டியான ஹார்னஸைக் கையில் தந்தார்கள், எங்கே கொளுவுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. அன்று முழுக்கக் கயிறு இல்லாமல் அதை உடுப்புப் போலப் போட்டுக்கொண்டு திரிந்தேன். பிறகு பயிற்சிக்குப் போனபோதுதான் முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் வளையம் எதற்கென்று விளங்கியது. தொடைப் பட்டிக்குள் விரித்த கை நுழைய வேண்டும், பொத்திய கை நுழையக் கூடாது. பட்டியில் நூல் பிரிந்திருந்தால் அதைப் போடவே கூடாது. இதெல்லாம் திரையைப் பார்த்து வராது தம்பி, கை பழக வேண்டும்.

இந்தப் பயிற்சி சும்மா வந்ததும் இல்லை. 2009 டிசம்பர் 24, ரொறன்ரோ கிப்ளிங் அவெனியூவில் ஓர் அடுக்குமாடியின் வெளியே தொங்கிய மேடை உடைந்தது. நான்கு பேர் இறந்தார்கள். கயிற்றில் ஒழுங்காகக் கொளுவியிருந்தவர் விழவில்லை. அதற்குப் பிறகு நடந்த ஆய்வின் வழியாகத்தான் 2015 ஏப்ரலில் கட்டுமான வேலைக்கு இது கட்டாயமானது.

இன்னொன்று, இதற்குத்தான் நம் ஆட்கள் அதிகம் பயப்படுகிறார்கள். வேலை ஆபத்தானது என்று நியாயமாக நம்பினால் மறுக்க ஒன்ராறியோவின் தொழில் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவு உரிமை தருகிறது. உடனே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள், பாதுகாப்பான இடத்தில் நில்லுங்கள், தளத்தை விட்டுப் போய்விடாதீர்கள். தொழிலாளர் பிரதிநிதியை வைத்துக்கொண்டு சூப்பர்வைசர் விசாரிக்க வேண்டும். தீரவில்லை என்றால் தொழில் அமைச்சின் இன்ஸ்பெக்டரைக் கூப்பிடலாம். மறுத்ததற்காக உங்களை வேலையிலிருந்து நிறுத்த முடியாது.

சரி, வேலைப் பாதுகாப்புத் துறையிலேயே மேலே போக ஆசை என்றும் கேட்டிருந்தீர்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் சேர்ந்தால் அங்கே பொதுவாகத் தொழிலாளரும் நிர்வாகமும் சேர்ந்த பாதுகாப்புக் கூட்டுக்குழு இருக்கும். அதில் உறுப்பினராகி இரண்டு பகுதிச் சான்றிதழ் பயிற்சிக்குப் போகும் நாட்களும் வேலை நாட்களாகவே கணக்காகும், சம்பளம் உண்டு. சொந்தக் காசில் கொலிஜ் போகுமுன் அதைக் கேட்டுப் பாருங்கள்.