தரவிறக்கக் கோப்புகளை ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு மாற்றியபின் 403, ஷா256 பொருந்தாமை

கேள்வி:
எங்கள் திறமூல மென்பொருளின் தரவிறக்கக் கோப்புகளை, அப்பாச்சி ஓடும் பழைய சர்வரிலிருந்து எஸ்3 வகை ஸ்டோரேஜுக்கு (கோப்புகளைப் 'பக்கெட்' என்ற தொகுப்பில் வைக்கும் கிளவுட் சேமிப்பு) மாற்றியிருக்கிறோம். முன்னால் ஒரு சிடிஎன் (கோப்புகளின் பிரதியை வைத்துப் பயனருக்குத் தரும் இடைச் சேவை). பழைய வெளியீடுகளை ஆர்குளோன் என்ற காப்பி கருவி கொண்டுபோனது, புது வெளியீட்டை மட்டும் எங்கள் பைத்தான் ஸ்கிரிப்ட் ஏற்றியது. டொமைனைப் புது இடத்துக்குத் திருப்பும் டிஎன்எஸ் இன்னும் மாற்றவில்லை.

எப்போதும் புது வெளியீட்டையே தரும் 'லேட்டஸ்ட்' முகவரிகள் எல்லாம் 403 ('அனுமதி இல்லை'). பெயரில் + உள்ள கோப்புகளும் 403, ஆனால் அவை பக்கெட்டில் இருக்கின்றன. புது வெளியீட்டின் டார்.ஜிஇசட் கோப்பை பிரவுசரில் இறக்கினால் ஷா256 (கோப்பின் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை, கர்லில் (கமாண்ட் வரியில் இறக்கும் கருவி) பொருந்துகிறது. எல்லாவற்றுக்கும் சிடிஎன்தான் காரணமா?

பதில் 1:
சிடிஎன் மேல் பழி போடாதீங்க. மூன்றுக்கும் மூன்று காரணம்.

முதலில் அந்த 403. பக்கெட்டைப் பட்டியலிடும் அனுமதி பொதுவில் இல்லையென்றால், இல்லாத கோப்புக்கும் 404 வராது, 403தான் வரும். அதனால் அனுமதி அமைப்புகளை நோண்ட வேண்டாம். 'கோப்பு கிடைக்கவில்லை' என்றே படியுங்கள்.

'லேட்டஸ்ட்' பழைய சர்வரில் சிம்லிங்காக (இன்னொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) இருந்திருக்கும். ஆர்குளோன் சிம்லிங்கை இயல்பில் தாண்டிப் போய்விடும். லாகில் ஒரு வரி அறிவிப்பு மட்டும் இருக்கும். ஸ்டோரேஜிலும் சிம்லிங்க் கிடையாது.

+ விஷயம்: எஸ்3 வகை சேவை முகவரியில் வரும் + குறியை இடைவெளியாக எடுத்துக்கொள்ளும். அப்பாச்சி அப்படிச் செய்யாது. சிடிஎன் விதியில் + குறியை %2பி என்று மாற்றி உள்ளே அனுப்புங்கள். விதி எழுத வசதியில்லையென்றால், + இருக்கும் இடத்தில் இடைவெளி வைத்த பெயரில் இன்னொரு பிரதி போடுங்கள். அழகில்லை, ஆனால் வேலை செய்யும்.

ஷா256: இறக்கிய கோப்பில் 'ஃபைல்' கமாண்டை ஓட்டிப் பாருங்கள். ஜிசிப் என்று சொல்லாமல் வெறும் டார் என்று சொன்னால், ஸ்கிரிப்ட் 'கன்டென்ட்-என்கோடிங்: ஜிசிப்' என்ற ஹெடரோடு ஏற்றியிருக்கிறது. பைத்தானில் கோப்பின் வகையை ஊகிக்கும் மைம்டைப்ஸ் மாட்யூல் டார்.ஜிஇசட்டுக்கு வகை, என்கோடிங் என இரண்டு மதிப்பு தரும். இரண்டாவதை அப்படியே ஹெடரில் போடுவது வழக்கமான தவறு. பிரவுசர் அதைப் பார்த்து அவிழ்த்துச் சேமிக்கும். கர்ல், கேட்காவிட்டால் அவிழ்க்காது. அந்த ஹெடரை நீக்கி, வகையை 'அப்ளிகேஷன்/ஜிசிப்' ஆக்குங்கள். மெட்டாடேட்டாவை இருந்த இடத்தில் திருத்த முடியாது. கோப்பைத் தன்மேலேயே காப்பி செய்து மாற்ற வேண்டும். பிறகு சிடிஎன் கேஷைக் காலி செய்யுங்கள்.

கேட்டவர்:
ஆமாம், வெறும் டார்தான். சரி செய்துவிட்டேன். 'லேட்டஸ்ட்'டுக்கு சிடிஎன்னில் 301 (நிரந்தரத் திசைமாற்றம்) போடலாமா?

பதில் 2:
வேண்டாம். 301ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும், அடுத்த வெளியீட்டிலும் பழைய கோப்புக்கே போகும். 302 (தற்காலிகத் திசைமாற்றம்) அதைவிடப் பரவாயில்லை, ஆனால் அதிலும் ஒரு சிக்கல்: பழைய சிம்லிங்க் நேராக 200 ('சரி') தந்தது. பெரிய எழுத்து 'எல்' கொடி இல்லாத கர்ல், திசைமாற்றத்தைப் பின்தொடராது. பிறருடைய பில்ட் ஸ்கிரிப்ட்கள் காலியான கோப்பையோ குட்டி எச்டிஎம்எல்லையோ சேமித்துக்கொண்டு 'ஜிசிப் வடிவம் இல்லை' என்று விழும். 'லேட்டஸ்ட்'டை உண்மையான பிரதியாகவே வையுங்கள், கேஷ் 300 விநாடி போதும். பதிப்பு எண் உள்ள கோப்புகளுக்கு ஒரு வருடம் வைக்கலாம், அவை மாறவே கூடாது.

பதில் 1:
இதை ஒப்புக்கொள்கிறேன், பிரதிதான் சரி.

டிஎன்எஸ் மாற்றுமுன் டிடிஎல்லை (டிஎன்எஸ் பதிலை மற்றவர்கள் நினைவில் வைக்கும் நேரம்) 300 விநாடிக்கு இறக்குங்கள். இப்போது 86400 என்றால், இறக்கிய பிறகு ஒரு முழு நாள் காத்திருக்க வேண்டும். உங்கள் டொமைனுக்கான சான்றிதழ் சிடிஎன்னில் முன்பே ஏறியிருக்கட்டும். அந்த நாளில் பழைய சர்வரின் அக்சஸ் லாகிலிருந்து 200 பெற்ற பாதைகளையெல்லாம் எடுத்து, டிஎன்எஸ் மாறாமலே டொமைனைப் புது முகவரிக்குத் திருப்பும் கர்லின் 'ரிசால்வ்' விருப்பத்தால் புது இடத்தில் ஒவ்வொன்றையும் கேட்டுப் பாருங்கள். ஃபோல்டரை வைத்துப் பட்டியல் எடுத்தால் அப்பாச்சி அமைப்பில் மட்டும் இருக்கும் அலையஸ்கள் (மாற்றுப் பாதைகள்) விட்டுப்போகும். ஒப்பிட ஈடேகை (ஸ்டோரேஜ் ஒவ்வொரு கோப்புக்கும் தரும் அடையாளக் குறி) நம்பாதீர்கள். பல பகுதிகளாக ஏற்றிய கோப்புக்கு அது கோப்பின் எம்டி5 சரிபார்ப்பு எண் அல்ல. அளவையும் ஷா256ஐயும் பாருங்கள். ஜிபிஜி கையொப்பங்களை மறுபடி போட வேண்டியதில்லை, பைட்டுகள் மாறவில்லையே.

பழைய சர்வரை லாகில் தரவிறக்கம் நிற்கும்வரை அணைக்காதீர்கள்.