சதை வளர்ந்த கண்ணுக்குச் சிலிண்டர் பவரின் அச்சு பார்ப்பது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். ஆப்டோமெட்ரி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கண் பரிசோதனை முகாம் போகிறோம். நடவு, களை என்று வெயிலிலேயே நின்றவர்கள் பலருக்கு மூக்கோரத்து வெண்விழியிலிருந்து கருவிழி மேல் சதை ஏறியிருக்கிறது.

என் சிக்கல் ஓர் அம்மாவின் வலது கண். பார்வை 6/36 (இயல்பு 6/6), பின்ஹோல் (சிறு துளையிட்ட தகடு) வைத்தால் 6/12 வரை வருகிறது. அப்படியென்றால் கண்ணாடியில் சரிசெய்ய இடமிருக்கிறது. ஆனால் கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவர் பார்க்கும் ரெட்டினாஸ்கோப்பில் ஒளி சீராக நகராமல் சிதறுகிறது. கருவிழியின் வளைவை அளக்கும் கெரட்டோமீட்டரின் வளையங்களும் நெளிந்து தெரிகின்றன. சதை கருவிழியைக் கிடைமட்டத்தில் தட்டையாக்குவதால் மைனஸ் சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் பவர் உள்ள லென்ஸ்) வைக்க வேண்டிய கோணம், அதாவது அச்சு, பெரும்பாலும் 180 டிகிரியை ஒட்டி வரும் என்பது பாடம். அதை உறுதிசெய்யக் கிராஸ் சிலிண்டர் என்ற சோதனை லென்ஸைப் புரட்டி, "முதலாவதா, இரண்டாவதா?" என்று கேட்டால், "இரண்டும் ஒன்றுதான் தம்பி" என்கிறார். பள்ளிக்கூடம் போகாதவர். ஆங்கில 'ஈ' அட்டைக்கு மட்டும் விரல்களைத் திருப்பிச் சட்டென்று திசை காட்டிவிடுகிறார், கெட்டிக்காரி!

அனுபவம் உள்ளவர்கள் இந்த இடத்தில் என்ன செய்கிறீர்கள்? ஸ்டெனோபிக் ஸ்லிட்டை (ஒடுங்கிய பிளவு உள்ள தகடு) சுழற்றிப் பார்த்தால் போதுமா? அறுவை சிகிச்சைக்குப் பின் பவர் மாறும் என்று கண்ணாடி எழுதுவதையே தள்ளிப்போடுவீர்களா? மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிவிடாதீர்கள், சொல்லியாயிற்று. அறுவடை முடியட்டும் என்கிறார்.