மறு: இயங்குதளம் மாறும்போது பேச்சு நின்றுபோகும் நேரத்துக்கு என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்களையெல்லாம் கேட்டு முடித்தேன். பாதிக்கு மேல் 'அப்கிரேட்' என்பதற்கு எது சரியான தமிழ் என்பதிலேயே நிற்கின்றன. நாம் சேர்ந்து தமிழில் எழுதிவரும் கையேடு யாருக்கு என்பதை ஒருமுறை நினைவுபடுத்திவிட்டு என் கருத்துக்கு வருகிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்னும் அதிலேயே இருக்கிற பார்வையற்ற பயனர்கள், பக்கத்தில் ஆள் வைத்துக்கொள்ளாமல் தாங்களாகவே 11-க்கு மாற வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம். ஒவ்வொரு சொல்லையும் வாசகர் காதால்தான் வாங்கப்போகிறார், அதுவும் நல்ல வேகத்தில்.

> அப்டேட், அப்கிரேட் இரண்டும் எல்லோருக்கும் புரியும். அப்படியே விட்டுவிடலாமே?

புரியும், மறுக்கவில்லை. பேச்சில் நானும் அப்டேட் என்றுதான் சொல்கிறேன். ஆனால் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானில் பழகியவர் எந்த வரியையும் முழுசாகக் கேட்க மாட்டார். முதல் அசை காதில் விழுந்ததுமே, தனக்கு வேண்டியது அது இல்லை என்று தெரிந்தால் அம்புக்குறி விசையைத் தட்டி அடுத்த வரிக்குப் போய்விடுவார். 'அப்டேட்', 'அப்கிரேட்' இரண்டும் 'அப்' என்றுதான் தொடங்குகின்றன. 'புதுப்பிப்பு', 'மேம்படுத்தல்' என்றால் முதல் எழுத்திலேயே பிரிந்துவிடும். பட்டியலில் முதலெழுத்தைத் தட்டித் தாவுகிறவருக்கும் அதுதான் வசதி. தமிழ்ச் சொல் வேண்டும் என்பதற்கு மொழிப்பற்றைவிட இந்தக் காரணம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

'இற்றைப்படுத்தல்' விக்கிப்பீடியா பக்கம் நன்றாகப் பழகிவிட்ட சொல். இன்றைய நிலைக்குக் கொண்டுவருவது என்று பொருளும் சரியாகவே விழுகிறது. ஆனால் எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக் மென்பொருளின் தமிழ்க் குரலில் வேகத்தைக் கூட்டிவைத்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். 'இற்றுப்போன'துதான் நினைவுக்கு வரும். கணினி இற்றுக்கொண்டிருக்கிறது என்று யாரும் பயப்பட வேண்டாம். பிளே ஸ்டோரில் ஏற்கெனவே 'புதுப்பி' என்றிருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம்.

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன 'தரமுயர்த்தல்' பற்றி ஒரு வார்த்தை. அங்கே நகரசபையும் பாடசாலையும் தரமுயரும், இங்கேயும் பள்ளிகள் 'தரம் உயர்த்தப்படும்'. பழக்கமான சொல்தான். இந்த இடத்தில் தரம் உயர்ந்ததா இல்லையா என்பதை மட்டும் பயனர் பிறகு சொல்லட்டும். விண்டோஸ் 11-இல் வலது சொடுக்குப் பட்டியலைச் சுருக்கி, மிச்சத்தை இன்னொரு படி உள்ளே தள்ளிவிட்டார்கள். பழைய முழுப் பட்டியல் வேண்டுமென்றால் ஷிஃப்ட் + எஃப்10 அழுத்த வேண்டும். 'மேம்படுத்தல்' என்பதிலும் இதே வாக்குறுதி இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, ஆனால் பழகித் தேய்ந்துபோனதால் அதை யாரும் நம்புவதில்லை. எனக்கு 'மேம்படுத்தல்' போதும்.

சரி, இனி நான் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். கையேட்டு வரைவில், "கணினி சில முறை மறுதொடக்கம் ஆகும், அந்த நேரத்தில் திரைவாசிப்பான் இயங்காது" என்று ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறோம். 'அந்த நேர'த்துக்குப் பெயர் வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கென்று நிலைபெற்ற ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. அவர்களும் பேச்சு வராது என்று வாக்கியமாகச் சொல்லித்தான் நகர்கிறார்கள். ஆக மொழிபெயர்க்க ஒன்றுமில்லை, நாமே பெயர் வைக்கலாம்.

பார்வையுள்ள நண்பர்களுக்காக அங்கே நடப்பதைச் சொல்கிறேன். நிறுவியை விண்டோஸுக்குள் இருந்தபடியே ஓடவிட்டால், கோப்புகளை இறக்கித் தயார்செய்து முடிக்கும்வரை என்விடிஏவோ ஜாஸோ, நாம் வைத்திருக்கும் திரைவாசிப்பான் எதுவானாலும், எல்லாவற்றையும் படித்துச் சொல்லும். மறுதொடக்கம் ஆனதும் பழைய விண்டோஸ் போய்விடும், புதியது இன்னும் எழுந்திருக்காது. திரைவாசிப்பான் என்பது இயங்குதளத்தின் மேல் ஓடும் ஒரு செயலி. தளமே எழாதபோது அது எங்கே காலூன்றும்? திரையில் விழுக்காடு ஏறிக்கொண்டிருக்கும், நம் காதுக்கு எதுவும் வராது. சுழலும் வன்தட்டு இருந்த காலத்தில் அதன் கரகரப்பாவது துணையிருந்தது. எஸ்எஸ்டி வந்த பிறகு விசிறிச் சத்தத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். இயந்திரத்தைப் பொறுத்து இது கால் மணி நேரத்திலும் முடியும், மணிக்கணக்காகவும் இழுக்கும். கை தானாக மின் பொத்தானுக்குப் போகிற இடம் இது. பாதியில் அணைத்தால் நிறுவல் குலைந்துபோகலாம் என்பதால்தான் இதை வாசகருக்கு முன்கூட்டியே பெயர் சொல்லி அறிமுகம் செய்துவிட வேண்டும் என்கிறேன்.

> 'ஊமைக் கட்டம்' எளிய தமிழ்தானே? ஊமைக்காயம், ஊமைவெயில் என்றெல்லாம் சொல்கிறோமே.

சொல்கிறோம். வழக்கில் இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான கையேட்டில் ஒரு குறையின் பெயரை இயந்திரக் கோளாறுக்குச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. இதைப் படிப்பவர்களிலேயே பேச்சுக் குறைபாடு உள்ளவர்கள் இருப்பார்கள்.

> மௌனக் கட்டம் என்றால் கேட்கவும் இனிமை.

பேராசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும். பேசக்கூடியவர் பேசாமல் இருப்பதுதான் மௌனம். இங்கே பேசுகிறவரே ஊரில் இல்லை. தவிர, கைபேசியை ஒலியடக்கி வைப்பதோடும் இது குழம்பும். ஒலியை யாரோ அணைத்துவிட்டார்கள் என்று நினைத்து வாசகர் ஒலியளவு விசையைத் தட்டிக்கொண்டிருப்பார்.

என் முன்மொழிவு 'பேசாக் கட்டம்'. எங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது "பேச்சு போச்சு", "என்விடிஏ பேசல" என்றுதான் சொல்லிக்கொள்கிறோம், அதிலிருந்து எடுத்தது. சின்னச் சொல். நடுவில் வரும் க் காதில் அழுத்தமாக விழுவதால் இரண்டும் சேர்ந்து ஒரே பெயராகக் கேட்கிறது. ஈஸ்பீக்கிலும், விண்டோஸோடு வரும் 'வள்ளுவர்' குரலிலும் கேட்டுப் பார்த்தேன், இரண்டிலும் தெளிவு. க் என்ற ஒற்றெழுத்தை விட்டுவிட்டு 'பேசா கட்டம்' என்று எழுதினால் அந்த ஒட்டு போய்விடுகிறது. மெய்ப்பு பார்ப்பவர் கவனிக்க. 'கட்டம்' என்றால் அட்டவணையின் கட்டமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நிறுவலின் படிகளை வரிசையாகச் சொல்லும் இடத்தில் அந்தக் குழப்பம் வராது. 'பேசாப் பொழுது' நன்றாகத்தான் இருக்கிறது, கவியரங்கத்துக்கு வைத்துக்கொள்வோம்.

> நான் பிரெய்ல் காட்சிக்கருவியை வைத்துப் படிக்கிறேன். எனக்கு எப்போதுமே யாரும் 'பேசு'வதில்லை. அந்த நேரத்தில் என் கருவியிலும் புள்ளிகள் எழுவதில்லை. அதை உங்கள் சொல் எப்படிச் சொல்லும்?

அக்கா கேட்டதுதான் இந்த இழையிலேயே கூர்மையான கேள்வி. உண்மையில் இல்லாமல் போவது பேச்சு மட்டுமல்ல, வாசிப்பான். அந்தக் கணக்கில் 'வாசிப்பிலாக் கட்டம்' இன்னும் துல்லியம். அதையும் கேட்டுப் பார்த்தேன். நீளம், அதோடு வாசகர் தான்தான் எதையோ வாசிக்காமல் விட்டுவிட்டோமோ என்று நினைக்கவும் இடம் இருக்கிறது. பேச்சுக்குள் பிரெய்லையும் அடக்கிக்கொள்வது கொஞ்சம் அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். பெயர் 'பேசாக் கட்டம்' என்று இருக்கட்டும், விளக்கத்தின் முதல் வரியிலேயே "பேச்சும் பிரெய்லும் இரண்டும் நிற்கும்" என்று எழுதிவிடலாம் என்பது என் யோசனை. அக்காவுக்குச் சம்மதமா?

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. பேச்சு வராத நேரமெல்லாம் ஒரே வகை என்பதுபோல் எழுதிக்கொண்டிருக்கிறோம். மேலே சொன்னதில் கணினி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. நாம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் போதும். ஆனால் திரை நம்மிடம் கேள்வி கேட்டுவிட்டு, நமக்குச் சொல்லாமலேயே காத்திருக்கும் இடங்களும் உண்டு. அங்கே பொறுமையாக உட்கார்ந்திருந்தால் விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை. பல மேசைக் கணினிகளில் அது இருந்தும் அணைக்கப்பட்டிருக்கும். அதை இயக்க பயாஸ், அதாவது இப்போதைய யுஇஎஃப்ஐ அமைப்புக்குள் போக வேண்டும். இயங்குதளம் ஏறுவதற்கு முன்னால் வரும் திரை அது, எந்தத் திரைவாசிப்பானும் அங்கே எட்டாது. அப்புறம் பிட்லாக்கர், விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதி. வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்து, யுஇஎஃப்ஐயில் எதையாவது மாற்றிவிட்டால், அடுத்த தொடக்கத்தில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அந்தத் திரையும் தானாக வாய் திறக்காது. வேலையைத் தொடங்கும் முன்பே சாவியை எடுத்து பிரெய்லிலோ கைபேசியிலோ வைத்துக்கொள்ளச் சொல்லி கையேட்டில் எழுத வேண்டும். வரைவில் இது இல்லவே இல்லை.

இவற்றுக்கு 'பேசாத் திரை' என்று தனிப்பெயர் கொடுக்கலாம். பேசாக் கட்டம் என்றால் காத்திரு. பேசாத் திரை என்றால் பதில் சொல், அல்லது பதில் சொல்ல ஆளைத் தேடு. கைபேசியில் பி மை ஐஸ் செயலி வழியாகத் தன்னார்வலரை அழைத்துக் கேமராவைத் திரைக்கு நேரே பிடிப்பது, லுக்அவுட், சீயிங் ஏஐ போன்ற செயலிகளை வைத்து எழுத்தைப் படிக்கவைப்பது எல்லாம் இந்தத் தலைப்பின் கீழ் வர வேண்டும்.

பேசாத் திரையைப் பேசவைக்க முடியும் என்பதற்கு டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் நல்ல எடுத்துக்காட்டு. அதன் நிறுவியின் தொடக்கப் பட்டியல் பேசாது. ஆனால் தயாரானதும் பீப் ஒலி எழுப்பும். அதைக் கேட்டதும் எஸ் விசையைத் தட்டி என்டர் அழுத்தினால், அங்கிருந்து நிறுவல் முழுவதும் பேச்சோடு நடக்கும். பீப் ஒலி, இரண்டு விசை, அவ்வளவுதான். விண்டோஸிலும் 10-இன் 1703 பதிப்பிலிருந்து, யுஎஸ்பியில் தொடங்கும் நிறுவியில் விண்டோஸ் + கண்ட்ரோல் + என்டர் அழுத்தி, விண்டோஸோடு வரும் திரைவாசிப்பானான நேரேட்டரை எழுப்பலாம். அந்தச் சின்னச் சூழலில் நம் ஒலிச் சாதனத்துக்கான டிரைவர் இருந்தால்தான் குரல் வரும் என்பது குறை.

மூன்றாவது வகையும் உண்டு. புதிய விண்டோஸ் எழுந்துவிட்டது, பேச வேண்டிய நேரமும் வந்துவிட்டது, ஆனாலும் பேச்சு இல்லை. இதற்கு 'பேச்சு முறிவு' போதும் என்று நினைக்கிறேன். 10-இல் இயல்பாக அணைந்திருந்த தொடக்க ஒலி 11-இல் மறுபடி வந்திருக்கிறது. அது கேட்டும் வாசிப்பான் பேசாவிட்டால், பேசாக் கட்டம் முடிந்து முறிவு தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். நேரேட்டரை எழுப்பிப் பார்க்க வேண்டும். அது பேசினால் ஒலியில் குறை இல்லை, என்விடிஏதான் எழவில்லை. கண்ட்ரோல் + ஆல்ட் + என் அழுத்தி எழுப்பலாம். நேரேட்டரும் பேசாவிட்டால் ஒலி டிரைவர் மேல் சந்தேகப்பட வேண்டும். யுஎஸ்பி ஹெட்செட் ஒன்றைச் செருகினால் பெரும்பாலும் குரல் திரும்பிவிடும், அதற்கான பொது டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. இங்கேதான் அக்காவின் பிரெய்ல் கருவி எங்களைவிட முன்னால் நிற்கிறது. புள்ளிகள் எழுந்தால் வாசிப்பான் ஓடுகிறது, ஒலிதான் போயிற்று என்று உடனே தெரிந்துவிடும்.

உள்நுழைவுத் திரை இந்த மூன்றில் எதில் சேரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். என்விடிஏவை முறையாக நிறுவி, உள்நுழையும்போதும் அதைப் பயன்படுத்து என்ற விருப்பத்தைப் பொது அமைப்புகளில் குறியிட்டிருந்தால் அது பேசும் திரை. பென் டிரைவில் வைத்து ஓட்டும் போர்ட்டபிள் பிரதி என்றால் பேசாத் திரை. நிர்வாகி அனுமதி கேட்கும் பாதுகாப்புத் திரைக்கும் இதே கதை. இன்னொன்று, நம் குரலும் வேகமும் அங்கேயும் வர வேண்டுமானால் சேமித்த அமைப்புகளை உள்நுழைவுக்கும் நகலெடுக்கும் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழக்கமில்லாத குரல் ஒன்று வந்து பேசும்.

சொற்பட்டியலுக்கு நான் பரிந்துரைக்கும் விளக்கங்கள்:

பேசாக் கட்டம்: நிறுவலின்போது திரைவாசிப்பான் இயங்க வழியில்லாத இடைப்பட்ட நேரம். பேச்சும் பிரெய்லும் இரண்டும் நிற்கும். கணினி தானாக நகரும், பயனர் எதையும் அழுத்தக் கூடாது.

பேசாத் திரை: பயனரின் பதிலை எதிர்பார்த்து நிற்கும், ஆனால் திரைவாசிப்பான் எட்டாத திரை.

பேச்சு முறிவு: திரைவாசிப்பான் பேசியிருக்க வேண்டிய இடத்தில் பேசாமல் போவது.

ஜாஸ் வைத்திருப்பவர்கள் மூன்றையும் தங்கள் வேகத்தில் கேட்டுவிட்டு, 'பேசாத் திரை'யும் 'பேசும் திரை'யும் காதில் பிரிகின்றனவா என்று எழுதுங்கள். எனக்குப் பிரிகிறது. ஆனால் நான் கேட்டது ஈஸ்பீக்கிலும் வள்ளுவரிலும் மட்டும்.

அன்புடன்.

பி.கு.: 'இன்-பிளேஸ் அப்கிரேட்' என்பதற்குச் சென்ற வாரம் பேசி முடித்த 'இருந்தபடி மேம்படுத்தல்' அப்படியே நிற்கட்டும். அதன் பக்கத்தில் "செயலிகளும் திரைவாசிப்பானும் அதன் அமைப்புகளும் போகாது" என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது. எங்கள் ஆட்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.