சிதறிக் கிடக்கும் நிலங்களை ஏலத்தில் ஒன்றுசேர்ப்பது எப்படி?

ஓர் ஆற்றுப் படுகையில், இயற்கை தரும் சேவைகளைக் காக்கும் நில உரிமையாளர்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டம் நடத்துகிறோம். மேலே செங்குத்தான காட்டுச் சரிவு, நடுவில் வயல்கள், கீழே சதுப்பு. பணம் செலவாகிறது, ஆனால் காக்கப்படும் நிலம் துண்டு துண்டாகவே நிற்கிறது.

முதலில் ஹெக்டேருக்கு ஒரே தொகை. எப்படியும் யாரும் உழப்போகாத பாறைச் சரிவுகள்தான் வந்து சேர்ந்தன. வண்டல் அதிகம் இறங்கும் ஓடைக்கரை வயல்கள் வரவே இல்லை. அப்புறம், ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2001-இல் தொடங்கிய புஷ்டெண்டர் என்ற திட்டம் போல, உழவர்களே தங்களுக்கு வேண்டிய தொகையைச் சொல்லும் ஏலம். மண்ணரிப்பு, நீர்த்தரம், வாழிடம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண்ணும் வைத்தோம். செலவு குறைந்தது. ஆனால் ஓடைக்கரையில் ஒரு வயல் சேர்ந்தால் அடுத்தது விலகி நிற்கிறது. அந்த இடைவெளியில் இறங்கும் வண்டல் சதுப்பைத் தூர்த்துக்கொண்டே போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

பக்கத்து நிலமும் சேர்ந்தால் கூடுதல் தொகை தரலாம். ஆனால் நடுவில் நிலம் வைத்திருப்பவர், தான் இல்லாமல் தொடர்ச்சி கிடைக்காது என்று தெரிந்து விலையை ஏற்றிவிடுவாரே!

அந்தக் கூடுதல் தொகையை ஏலத்துக்குள்ளேயே வைப்பதா, இல்லை அண்டை நிலக்காரர்கள் கூட்டாக ஒரே தொகை கேட்கும்படி விடுவதா? செய்து பார்த்தவர்களுக்கு எது கைகொடுத்தது?