புதுப்பிப்பு: பழைய கொரோலாவில் செனோன் ப்ரொஜெக்டர்

பழைய கொரோலா காரின் முன்விளக்குக்குள் செனோன் ப்ரொஜெக்டர் (செனோன் வாயு பல்பின் ஒளியை லென்ஸ் வழியே குவித்து அடிக்கும் விளக்கு) வைக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தேனே, வேலை முடிந்துவிட்டது. கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எடுத்த ஜப்பான் பை-செனோன் (தாழ் ஒளி, உயர் ஒளி இரண்டும் ஒரே பல்பில்) சோடி அருமை. ஜப்பானிலும் நம்மைப் போல வீதியின் இடப்பக்க ஓட்டம்தான், அதனால் ஒளியின் வெட்டுக்கோடு, அதாவது வெளிச்சம் முடியும் மேல் விளிம்பு, இடது ஓரத்தில் மேலேறுகிறது. வலப்பக்க ஓட்ட நாட்டுச் சாமான் என்றால் எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும், வாங்காதீர்கள்.

35 வாட், 4300 கெல்வின் பல்பு (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு). நேற்றிரவு மழையில் காலி வீதியின் வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. நீலம் அடிக்கும் 8000 கெல்வினில் வெளிச்சம் குறைவு.

திறந்த விளக்கின் கண்ணாடியைத் திரும்ப ஒட்ட பியூட்டைல் என்ற ரப்பர் பசைதான் சரி. பிறகு சூடாக்கித் திறக்கலாம். அப்புறம், பல்பைப் பற்றவைக்கும் நொடியில் பலாஸ்ட் (பல்புக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் பெட்டி) 20,000 வோல்ட்டைத் தாண்டும். பட்டரியைக் கழற்றாமல் கை வைக்காதீர்கள்.

வலது விளக்கு இன்னும் கொஞ்சம் உயரமாக அடிக்கிறது. சுவருக்கு முன்னால் நிறுத்தி இறக்க வேண்டும்.